சி3 கார்வெட்டுல கேப்பு கோணலா இருக்கா? புட்டி டப்பாவத் தொறக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

செவ்ரலே கம்பெனியோட கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருல, 1968-லருந்து 1982 வரைக்கும் வந்த மாடலத்தான் சி3-ன்னு சொல்றாங்க, இடுப்பு ஒடுங்கி முன்னும் பின்னும் புடைச்சுக்கிட்டு நிக்குமே அந்த ஃபைபர் பாடி காரு. என்னோடது 1974 கூப்பே, ஓஹையோல ஒரு பெரியவர் வீட்டு ஷெட்ல தார்ப்பாய்க்கு அடியில கிடந்தத வாங்கினேன். அப்புறம் ஃப்ரெண்டுங்க ரெண்டு பேரோட காரும் என் கராஜுக்கே வந்து சேந்துச்சு. மூணுலயும் அதே வியாதி, திரும்பத் திரும்ப. அதனால ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றத விட எழுதிப் போட்டுடலாம்னு இது.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். கேப்புன்னா கதவு, பானட், ஃபெண்டர் மாதிரி பேனலுங்களுக்கு நடுவுல தெரியற இடுக்கு. ஃபேக்டரி கேப்பே அப்படி ஒண்ணும் பிரமாதம் கிடையாது. 1968 மாடல் புதுசா வந்தப்ப கார் அண்ட் டிரைவர் பத்திரிகைக்காரங்க, இது டெஸ்ட் பண்ற நிலைமையிலயே இல்லன்னு எழுதினாங்க. ஆனா இன்னிக்கு நம்ம கைக்கு வர்ற காருல பாதிக் கோணல் செயின்ட் லூயிஸ் ஃபேக்டரி பண்ணினது இல்ல, அதுக்கப்புறம் அம்பது வருஷத்துல கைவச்சவங்க பண்ணினது. அவங்க எல்லாருமே ஒரே தப்பதான் பண்ணியிருக்காங்க, கீழ போல்ட்டுல இருக்கற பிரச்சனைய மேல புட்டில சரி பண்ணப் பாத்திருக்காங்க.

அளக்கறதுக்கு முன்னாடி

காரு நாலு சக்கரத்துல, சமமான தரையில நிக்கணும். ஜாக்குல ஏத்தி வச்சு எடுத்த அளவு எதுக்கும் ஆகாது, ஃபிரேம் கொஞ்சம் வளைஞ்சாலே கதவு இடுக்கு மாறிடும். டயர்ல காத்து சமமா இருக்கட்டும், டி-டாப், அதான் கூரைல கழட்டி மாட்டற பலகை, ரெண்டையும் மாட்டிக்கங்க. அளவுகோலுக்கு 3/16 அங்குல டிரில் பிட்டோட வால் பக்கம் போதும், கிட்டத்தட்ட 5 மில்லி. கதவச் சுத்தி அது தடையில்லாம ஓடினா நல்ல கேப்பு. சுத்தி வர மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு சாணுக்கு ஒரு தடவ அளந்து டேப்புலயே எழுதிடுங்க. மனசுல வச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், ரெண்டாவது நாளே எது பழைய அளவு எது புது அளவுன்னு தெரியாம முழிச்சேன். அப்புறம் ஒரு டார்ச்சு, ஒரு காசு, ஒரு சின்ன காந்தம், அவ்ளோதான்.

கதவோட பின் ஓரம் மேல இடிக்குது, கீழ வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது

அதிகமா வர்ற புகார் இதான். கூடவே கதவுல ஓடற மடிப்புக் கோடும் பின்னாடி இருக்கற கோட்ட விட கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும்.

மொதல் வேலை, ஸ்ட்ரைக்கரக் கழட்டிடுங்க. அதான், பூட்டு வந்து கடிக்கற அந்தக் கட்டை. இருந்த இடத்த மார்க்கர்ல சுத்தி வரைஞ்சுட்டு, ஷிம், அதான் இடைல வைக்கற மெல்லிசான தகடு, எத்தன இருந்துச்சுன்னு எண்ணிட்டுக் கழட்டுங்க. இப்போ கதவ மெதுவா சாத்துங்க. ஸ்ட்ரைக்கர் இல்லாம கதவு தானா எங்க போய் நிக்குதோ அதுதான் அதோட நிஜமான இடம். தொங்கற கதவ ஸ்ட்ரைக்கர மேல ஏத்தி வச்சுத் தூக்கி நிறுத்தறது பழைய தந்திரம், சாத்தினா நேரா இருக்கும், தொறக்கும்போது டக்குனு ஒரு படி இறங்கும். உங்க காருல அந்த டக்கு இருந்தா உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் என்ன பண்ணினாருன்னு புரிஞ்சிருக்கும்.

அடுத்தது, கதவப் பாதி தொறந்து பின் முனையக் கீழருந்து ரெண்டு கையாலயும் தூக்கிப் பாருங்க, இன்னொருத்தர் ஹிஞ்ச் பக்கத்துல டார்ச்சு அடிச்சுப் பாக்கட்டும். ஹிஞ்ச் பின்னுல ஆட்டம் தெரிஞ்சா பின்னும் புஷ்ஷும் தேஞ்சு போச்சு. சின்னச் செலவு, ஒரு நாள் வேலை. கதவு கனம், உள்ள கண்ணாடி, இரும்பு எல்லாம் சேந்து ஒரு ஆள் தூக்கற சமாச்சாரம் இல்ல. ஜாக்கு மேல பலகை, பலகை மேல பழைய போர்வைன்னு வச்சுத் தாங்கிக்கிட்டு செய்யுங்க. பின் நுழையற ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிருந்தா புது பின்ன மட்டும் போட்டா நிக்காது, துளைய ரீமர்ல சரி பண்ணி ஓவர்சைஸ் புஷ் போடணும்.

பின்னுல ஆட்டமே இல்ல, ஆனா கதவு கீழ இருக்குன்னா ஹிஞ்ச் போல்ட்டு நகந்திருக்கும். ஹிஞ்சச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டுட்டு, ஒரே ஒரு போல்ட்ட மட்டும் லேசா பிடிப்புல விட்டு மத்தத லூஸ் பண்ணி, மில்லி மில்லியா நகத்துங்க. கண்ணாடிய ஏத்தியும் ஒரு தடவ சாத்திப் பாக்கணும், கதவ மட்டும் பாத்து செட் பண்ணிட்டு அப்புறம் கண்ணாடி டி-டாப் ரப்பர்ல போய் முட்டுதுன்னு அழுதவங்க உண்டு.

ஹிஞ்சும் சரி, போல்ட்டும் சரி, இன்னும் மேல இடிக்குதா? அப்ப கதவு நகரல, கதவு இருக்கற ஓட்டையே வடிவம் மாறியிருக்கு. பாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல பக்கத்துக்கு 4, மொத்தம் 8 மவுண்ட் இருக்கு. 1973-லருந்து ரப்பர், அதுக்கு முந்தின சி3-ல அலுமினியக் கட்டை. அம்பது வருஷ ரப்பர் என்ன கதியில இருக்கும், என்னோடதுல ஒண்ணு வறட்டி மாதிரி கைல உதிந்துச்சு. பாடி நடுவுல உக்காந்துட்டா கதவுக்கு மேல மூடும், கீழ தொறக்கும். முனைங்க உக்காந்துட்டா இதுக்கு நேர் தலைகீழ், மேல தொறந்து கீழ இடிக்கும். எந்தப் பக்கம் உக்காந்திருக்கோ அங்க மவுண்ட மாத்தணும், தேவைப்பட்டா ஷிம் ஏத்தணும். ஃபிரேம்ல மவுண்ட் பக்கத்துல கிரேயான்ல எழுதின மாதிரி நம்பர் ஏதாவது தெரிஞ்சா அத அழிச்சுடாதீங்க, அந்த இடத்துல எத்தன ஷிம் போடணும்னு ஃபேக்டரில எழுதி வச்சது அது.

மவுண்ட் போல்ட்டுல கைவைக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே துரு எண்ணெய் விட்டு ஊற வச்சுடுங்க. அந்தப் பக்கம் இருக்கற எல்லாத்தையும் லூஸ் பண்ணிட்டு, மவுண்ட் பக்கத்துல பலகை வச்சு ஷிம் நுழையற அளவுக்கு மட்டும் தூக்குங்க. 1975 வரைக்கும் தரையும் ஃபைபர்தான், 1976-லதான் இரும்புத் தரை வந்துச்சு, அதனால பலகை இல்லாம ஜாக்கு வச்சீங்கன்னா நேரா உள்ள வந்துடும். ஒரு ஷிம் போட்டதும் எல்லாத்தையும் முடுக்கி, காரக் கீழ எறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து அளங்க. ஒரே ராத்திரில முடிக்கற வேலை இல்ல இது.

எப்போ ஆளக் கூப்பிடணும்? போல்ட்டத் திருப்பினா உள்ள இருக்கற நட்டும் சேந்து சுத்துது, இல்ல போல்ட்டு தலை முறிஞ்சுது, அங்கயே நிறுத்திடுங்க. அதே மாதிரி கதவத் தூக்கறப்ப பின் ஆடல, ஹிஞ்ச் ஆடல, ஆனா ஹிஞ்ச் பிடிச்சிருக்கற தூணே அசையுதுன்னா அது பெரிய சமாச்சாரம். ஃபைபருக்கு உள்ள, உக்கார்ற இடத்தச் சுத்தி ஒரு இரும்புக் கூடு இருக்கு, பறவைக்கூண்டுன்னு சொல்வாங்க. முன் கண்ணாடி ரப்பர்ல தண்ணி ஒழுகி ஒழுகி அது உள்ளுக்குள்ள அரிச்சுடும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். கால் வைக்கற இடத்துல பக்க மட்டையக் கழட்டிப் பாருங்க, துருச் செதில் கொட்டிக் கிடந்தா, கம்பளம் ஈரமா இருந்தா, முன் கண்ணாடி ஃபிரேமோட கீழ் மூலைய ஸ்க்ரூடிரைவர்ல குத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா கேப்ப மறந்துடுங்க. வெல்டிங் தெரிஞ்சு, அதுலயும் இந்தக் காரு தெரிஞ்ச ஆளுதான் வேணும், கதவு ஓட்டைக்குக் குறுக்குச் சட்டம் அடிக்காம பாடியத் தூக்கறேன்னு ஒருத்தர் சொன்னா அவரு ஆள் இல்ல. பின் சக்கரத்துக்கு முன்னாடி ஃபிரேம் மேல ஏறி வளையற இடத்துலயும் சுத்தியல்ல தட்டிப் பாருங்க, ணங்குன்னு கேக்கணும், பொதுக்குன்னு கேட்டா அதுக்கும் அதே வைத்தியர்தான்.

கதவு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது

சமீபத்துல ரப்பர் பீடிங் மாத்தினீங்களா? ஆமான்னா பாதி விடை கெடச்சாச்சு. புது ரப்பர் கெட்டியா இருக்கும், கதவ வெளிய தள்ளும், ரெண்டு மூணு வாரம் பூட்டியே வச்சு வெயில்ல விட்டா அமுங்கும். அதுக்கப்புறமும் அமுங்கலன்னா பழைய பசை சொரண்டாம அதுக்கு மேலயே புது ரப்பர ஒட்டியிருக்காங்களான்னு பாருங்க, ஒரு ஃப்ரெண்டு காருல மூணு தலைமுறைப் பசை இருந்துச்சு. ஸ்ட்ரைக்கர உள்ள தள்ளிப் பாக்கலாம், கொஞ்சமாத்தான்.

மேல சரியா இருக்கு, கீழ மட்டும் துருத்துதுன்னா ரெண்டு ஹிஞ்சும் ஒரே ஆழத்துல இல்ல. கதவே முறுக்கிக்கிட்டு இருக்கான்னு பாக்கணும்னா ரப்பர எடுத்துட்டு சாத்துங்க, அப்பவும் அதே மாதிரி நின்னா கதவுதான் முறுக்கியிருக்கு, இல்லன்னா கதவோட ஃபைபர் தோல் இரும்புச் சட்டத்துலருந்து விட்டிருக்கு. கதவு கீழ் ஓரத்த விரலால பிதுக்கிப் பாத்தா தெரிஞ்சுடும். ரப்பர் மாத்தறதுக்கு முன்னாடி கேப்பு செட் பண்ணிட்டு, பெயிண்ட் அடிச்சு, கடைசில ரப்பர் போட்டவங்க கதிதான் பரிதாபம். ரப்பரோட செட் பண்ணுங்க.

பானட் ஒரு மூலை தூக்கிக்கிட்டு நிக்குது, இல்ல ஒரு பக்கம் உரசுது

இந்தக் காருல பானட் முன்னாடி ஹிஞ்சு, பின்னாடி கண்ணாடி கிட்ட ரெண்டு பூட்டு. எதத் தொடறதுக்கு முன்னாடியும் பூட்டுக்கு ஒரு கம்பியக் கட்டி கீழ வழியா தொங்க விட்டுடுங்க. கேபிள் அறுந்தா, இல்ல நீங்க தப்பா செட் பண்ணி பூட்டு சிக்கிச்சுன்னா, அந்தக் கம்பி ஒண்ணுதான் வழி. நான் கட்டல. ஒரு சனி ஞாயிறு முழுக்கக் கார் அடியில படுத்துக்கிட்டு, கையக் கீறிக்கிட்டு, வாய்ல வந்ததெல்லாம் சொல்லிக்கிட்டு அதத் தொறந்தேன்.

மூலை தூக்கினா பின் மூலைங்கள்ல இருக்கற ரப்பர் கட்டைய கீழ திருகிப் பாருங்க. அது பத்தலன்னா பூட்டோட கொண்டி உயரம். ஒரு பக்கமா உரசினா முன் ஹிஞ்ச் போல்ட்டு. இது மூணும் செலவே இல்லாத வேலை, பெரும்பாலும் இதுலயே முடிஞ்சுடும்.

முடியலன்னா ரேடியேட்டரத் தாங்கற சட்டத்தோட ரப்பர் உக்காந்திருக்கான்னு பாருங்க, அது இறங்கினா மூக்கு மொத்தமும் இறங்கும், பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல கேப்பு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஆகும். அதுவும் சரின்னா குறுக்க அளங்க. முன் கண்ணாடி இடது அடி மூலைலருந்து வலது ஹெட்லைட் ஓட்டை மூலை வரைக்கும், அப்புறம் அந்தப் பக்கத்துலருந்து இந்தப் பக்கம். ரெண்டுக்கும் ஒரு கால் அங்குலத்துக்கு மேல வித்தியாசம் வந்தா யாரோ எப்பவோ இடிச்சு, மூக்க மாத்தி, கோணலா ஒட்டியிருக்காங்க. அத ஓரத்தத் தேச்சு சரி பண்ண முடியாது, மூக்க வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டணும். நான் அதத் தொட மாட்டேன், நீங்களும் முதல் காருல தொடாதீங்க.

பழைய வேலை எங்க இருக்குன்னு தெரியல, ஆனா ஏதோ சரியில்ல

ஃபைபர்ல சாதாரண பெயிண்ட் கனம் பாக்கற மீட்டர் வேலை செய்யாது, அது இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான். அல்ட்ராசோனிக் மீட்டர் இருக்கு, விலை ஜாஸ்தி. அதனால காசு. காசோட ஓரத்தால தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இடத்துல டிக் டிக்னு கேக்கும், புட்டி அப்பின இடத்துல தொப் தொப்னு அமுங்கிக் கேக்கும், உள்ள படலம் விட்டிருந்தா கிலுகிலுன்னு இருக்கும். பத்து நிமிஷத்துல காது பழகிடும்.

அடுத்தது காந்தம். ஃபைபர் காருல காந்தம் ஒட்டற இடம் கொஞ்சம்தான், கூண்டு இருக்கற இடம், பம்பருக்குப் பின்னாடி. ஃபெண்டர் நடுவுல ஒட்டினா என்ன அர்த்தம்? என் காருல இடது ஃபெண்டர்ல ஒட்டுச்சு. உள்ள சக்கர வளைவுல கை விட்டுப் பாத்தா, பிஸ்கட் டின் மூடி. நெசமாத்தான், பூப்போட்ட பிஸ்கட் டின் மூடிய ரிவெட் அடிச்சு, மேல புட்டியப் பூசி, பெயிண்ட் அடிச்சு வித்திருக்காரு ஒரு புண்ணியவான். தகரம் துருப்பிடிச்சு ஊதி, புட்டியத் தள்ளி, அதுதான் வெளிய ஒரு மேடா தெரிஞ்சுது. நானும் ரெண்டு தடவ அந்த மேட்டத் தேச்சுத் தேச்சுப் பாத்துட்டு இருந்திருக்கேன், உள்ள எட்டிப் பாக்காம.

அதனால பேனலோட முதுகப் பாருங்க எப்பவும். ஒரிஜினல் பேனல் அச்சுல அமுக்கி எடுத்தது, முன்னாடியும் பின்னாடியும் வழுவழுன்னு இருக்கும். பின்னாடி நார் நாரா, சொட்டுச் சொட்டா ரெசின் காஞ்சிருந்தா அது கையால போட்ட மாத்துப் பேனல், இல்ல ரிப்பேர். ரெண்டு பேனல் சேர்ற இடத்துல முதுகுல ஒரு பட்டை ஓடும், அந்தப் பட்டை காணோம்னா முன்பக்கம் மொத்தமா மாத்தியிருக்கலாம். மாத்தினது தப்பில்ல, ஒழுங்கா ஒட்டியிருக்காங்களான்னுதான் பாக்கணும்.

புட்டி எவ்ளோ கனம்னு தெரியணும்னா மறைவான இடத்துல 1/16 பிட்டால ஒரு சின்ன ஓட்டை போட்டு வர்ற தூளப் பாருங்க. வழவழன்னு மாவு மாதிரி ரோஸோ வெளிர் பச்சையோ வர்ற வரைக்கும் புட்டி, நார் வந்ததும் நிறுத்துங்க. மெல்லிசா இருந்தா விட்டுடுங்க, அது பாவம் இல்ல. 3 மில்லிக்கு மேல போனா தேச்சு எடுத்துட்டு, கீழ என்ன இருக்குன்னு பாத்துதான் ஆகணும்.

பெயிண்ட்டுல நேர்கோடா ஒரு தழும்பு தெரியுது

ஃபெண்டரும் மேல் பேனலும் சேர்ற ஒட்டுக் கோடு அது. நகத்தால தடவுங்க, பிளந்திருக்கா இல்ல வெறும் மேடு பள்ளமான்னு. அப்புறம் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரல வச்சு மாத்தி மாத்தி அமுக்குங்க. ஒரு பக்கம் மட்டும் அசைஞ்சா ஒட்டு விட்டிருக்கு, பின்னாடி பட்டையச் சுரண்டி, சுத்தம் பண்ணி, பேனல் பசை போட்டு கிளாம்ப் வைக்கணும். அசையலன்னா அது வெயில்ல பேனல் ஒரு மாதிரியும் பசை ஒரு மாதிரியும் விரியறதால வர்ற தழும்பு, ஷோரூம்லருந்து வந்த காருலயே இருந்திருக்கு. 1974-ல ஆரம்பிச்ச தேசிய கார்வெட் ரீஸ்டோரர்ஸ் சொசைட்டிக்காரங்க ஃபேக்டரிலருந்து எப்படி வந்துச்சோ அப்படி இருக்கான்னுதான் மார்க் போடுவாங்க, அதனால அந்தப் போட்டிக்குப் போறவங்க இந்தக் கோட்ட விட்டுடறதே புத்திசாலித்தனம்.

பொறுக்கலன்னா கோட்டு மேல ஆழமில்லாம அகலமா ஒரு பள்ளம் தேச்சு, நார் கலந்த ரெசின் போட்டு, தேச்சுட்டு, பிரைமரோட காரக் கொண்டுபோய் வெயில்ல ரெண்டு வாரம் நிறுத்துங்க. திரும்ப எட்டிப் பாக்கும், திரும்பத் தேய்ங்க. இந்த ரெண்டு வாரத்துக்குப் பொறுமை இல்லாதவங்க காருலதான் பெயிண்ட் அடிச்ச ஆறாவது மாசம் கோடு வெளிய வருது.

சிலந்தி வலை மாதிரி விரிசல்

180 நம்பர் உப்புத்தாளால ஒரு காசு அளவு தேய்ங்க. பெயிண்ட் போனதும் விரிசலும் போச்சுன்னா அது பெயிண்ட்டோட வியாதி, லேக்கர்ங்கற பழைய வகைப் பெயிண்ட்ட அடுக்கு மேல அடுக்கா அடிச்சு அடிச்சுக் கனத்துப் போய் வெடிச்சிருக்கு. செயின்ட் லூயிஸ்ல கடைசி வரைக்கும் லேக்கர்தான் அடிச்சாங்க, 1981-ல பௌலிங் கிரீனுக்கு ஃபேக்டரி மாறினப்பதான் அதுவும் மாறுச்சு. அப்ப பெயிண்ட்ட மொத்தமா எடுக்கணும். மணல் அடிச்சு எடுக்கறது கூடவே கூடாது, நாரக் கிளப்பிடும். இரும்புக் காருக்கு விக்கற ஸ்ட்ரிப்பரும் கூடாது, ரெசினயே கரைக்கும். ஃபைபருக்குன்னு போட்டிருக்கறது, இல்லன்னா பிளேடும் பொறுமையும்.

விரிசல் நாருக்குள்ள இறங்கியிருந்தா, மொதல்ல ஏன் வந்துச்சுன்னு பாருங்க. பானட் மூலையா, பூட்டு இறுக்கமா இருக்கும். ஃபெண்டர் உதடா, யாரோ அங்க ஜாக்கு வச்சிருப்பாங்க. காரணத்த விட்டுட்டு விரிசல மட்டும் அடைச்சா அது பக்கத்துல போய் எட்டிப் பாக்கும். அடைக்கற முறை: பின்பக்கத்துலருந்து மேட், அதான் ரெசின்ல நனைக்கற கண்ணாடி நார் விரிப்பு, போட்டு பலப்படுத்துங்க, அப்புறம் முன்னாடி 12-க்கு 1 சரிவுல தேய்ங்க, பேனல் 3 மில்லி கனம்னா ரெண்டு பக்கமும் 36 மில்லி வரைக்கும் சரிவு வரணும். பாக்க பயமா இருக்கும், நல்ல காரக் கெடுக்கறோமேன்னு இருக்கும், ஆனா குறுகலா V வெட்டி புட்டி அடைச்சா கண்டிப்பா திரும்ப வெடிக்கும். சின்னத் துண்டுலருந்து பெரிய துண்டா மேட் அடுக்கி, ரோலரால காத்த வெளியேத்துங்க.

எந்த ரெசின்? 1972 வரைக்கும் உள்ள காருன்னா பாலியஸ்டர் ஒட்டும். 1973-லருந்துன்னா பேனல் எஸ்எம்சின்னு, அதான் அச்சுல சூட்டோட அமுக்கி எடுக்கற ஷீட் மோல்டிங் காம்பவுண்டுன்னு, வச்சுக்கிட்டே வேலை பாருங்க, அதுல பாலியஸ்டர் சரியா பிடிக்காது, இன்னிக்கு ஒட்டின மாதிரி இருக்கும், ரெண்டு வருஷத்துல அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். எப்பாக்ஸியோ எஸ்எம்சிக்குன்னு விக்கற பசையோ போடுங்க. பாலியஸ்டருக்கு ஹார்ட்னர் 1-லருந்து 2 சதவீதம், அவ்ளோதான். முதல் குளிர்காலம், கராஜ் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ, ரெசின் காயவே இல்லன்னு நான் அளவில்லாம ஊத்தினேன், கப்புலருந்து புகை வந்துச்சு, போட்ட இடம் முறுக்கு மாதிரி நொறுங்குச்சு. குளிர்னா ஹீட்டர் வைங்க, ஹார்ட்னர ஏத்தாதீங்க.

தேய்க்கறதுக்கு முன்னாடி கைல பவுடர் பூசிக்கங்க, முடிச்சதும் பச்சத் தண்ணில குளிங்க, சுடுதண்ணி ஊத்துனா துளை விரிஞ்சு அரிப்பு ராத்திரி பூரா. மாஸ்க் துணி மாஸ்க் இல்ல, ஃபில்டர் வச்சது. வேலை பாக்கறப்ப போட்டிருந்த துணிய வீட்டுத் துணியோட வாஷிங் மெஷின்ல போடாதீங்க, எங்க வீட்டுல ஒரு வாரம் எல்லாரும் சொரிஞ்சுக்கிட்டு இருந்தோம், அந்தப் பேச்சு இன்னும் முடியல.

பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்புது

ஊசியால ஒண்ணக் குத்துங்க. கெமிக்கல் வாடையோட ஈரம் வந்தா பழைய ஸ்ட்ரிப்பர் துளைக்குள்ள தங்கியிருக்கு. வெறும் தண்ணின்னா ஈரத்தாள்ல தேச்சுட்டுக் காயறதுக்கு முன்னாடி அடிச்சிருக்காங்க. ஒண்ணுமே வரல, உள்ள பொத்தல் மட்டும்னா மேட் போட்டப்ப காத்து சிக்கியிருக்கு, அது நீங்க போட்டதாவும் இருக்கலாம். பொத்தல்னா அந்த இடத்த மட்டும் தொறந்து அடைங்க. மத்த ரெண்டுக்கும் அந்தப் பேனல்ல பெயிண்ட் மொத்தத்தையும் எடுத்து, கழுவி, நாள் கணக்கா வெயில்லயோ ஹீட்டர்லயோ காய வைக்கணும். பெயிண்ட்டருக்கு விடும்போது இது ஃபைபர், இரும்புக் காரு சூட்டுல வேக வைக்காதீங்கன்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லிடுங்க. டூ-கே பெயிண்ட், அதான் ஹார்ட்னர் கலந்து அடிக்கறது, வீட்டுல அடிக்காதீங்க, அதுல இருக்கற ஐசோசயனேட்ங்கற கெமிக்கல் நெஞ்சுக்கு ஆகாது, காத்துக் குழாய் மாஸ்க் இருக்கற பூத்துக்குக் குடுங்க.

பம்பர் அலை அலையா இருக்கு

1973-லருந்து முன்னாடி, 1974-லருந்து பின்னாடி பம்பர் யூரித்தேன் உறை. 1974-ல மட்டும் பின் உறை ரெண்டு துண்டு, நடுவுல ஒரு கோடு, அது ரிப்பேர் இல்ல, அப்படியே வந்ததுதான். அடைச்சுத் தொலச்சுடாதீங்க. உள் பட்டையோட நட்ட ரொம்ப முடுக்கினா அலை வரும், மொதல்ல அத லூஸ் பண்ணிப் பாருங்க. யூரித்தேனே சுருங்கிப் போயிருந்தா ஹீட்டர் வச்சு இழுத்தாலும் ஒரு கோடைக்குத்தான். மாத்தணும். ஃபைபர் உறை அலையாது, ஆனா பார்க்கிங்ல ஒருத்தர் லேசா தொட்டாலே வெடிக்கும், மாட்டறதுக்கும் நிறைய தேய்க்கணும். நான் வளையறதையே போட்டேன்.

எல்லாம் சரி, ஆனாலும் கேப்பு ஒரே அகலத்துல இல்ல

இப்போ புட்டி டப்பாவத் தொறக்கலாம், ஆனா அதுலயும் புட்டி கடைசி. ஹிஞ்ச், மவுண்ட், ரப்பர் எல்லாம் இறுதியா முடுக்கின அப்புறம்தான் இந்த வேலை.

குறுகலா இருக்கற இடம் சுலபம், பலகைல உப்புத்தாள் சுத்தி ஓரத்தத் தேய்ங்க, ஆனா பேனல் ஓரம் மெலிஞ்சு போகாம பாத்துக்கங்க, மெலிஞ்சா பின்னாடி ஒரு அடுக்கு மேட் போட்டுட்டுத் தேய்ங்க. அகலமா இருக்கற இடத்துக்கு வெறும் புட்டி வச்சா கதவு ஒரு தடவ வேகமா சாத்தினாலே பொட்டுனு உதிரும். எதிர்ப் பக்க பேனலோட ஓரத்துல பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டுங்க, ரெசின் அதுல ஒட்டாது. வளர்க்கற ஓரத்த நல்லா சொரசொரப்பாக்கி, நறுக்கின நார் கலந்த எப்பாக்ஸிய கெட்டியா வச்சு, கதவ சாத்தி, ஒரு நாள் அப்படியே விடுங்க. காஞ்சதும் ரெண்டுக்கும் நடுவுல ஹேக்ஸா பிளேடு மேல உப்புத்தாள் மடிச்சு ஒட்டி அறுத்துக்கிட்டே வாங்க, 3/16 பிட்டு தடங்காம ஓடற வரைக்கும். கதவ மட்டும் பாக்காதீங்க, கதவுக்கும் முன் ஃபெண்டருக்கும் நடுவுல, கதவுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல ரெண்டும் ஒரே மாதிரி தெரியணும், அஞ்சு மில்லியே வேணும்னு இல்ல, ஆறுன்னா சுத்தி வர ஆறு. பெயிண்ட்டும் பிரைமரும் ரெண்டு ஓரத்துலயும் ஏறும், அதுக்கு ஒரு முடி அளவு கூடவே விட்டுடுங்க.

முடிச்சுட்டு, பெயிண்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, கார ஒரு நூறு மைல் மேடு பள்ளத்துல ஓட்டிட்டு வந்து அதே டேப் அளவுகளத் திரும்ப எடுங்க. என்னோடதுல வலது கதவு மேல மூலை மட்டும் ஒரு மில்லி மூடியிருந்துச்சு, மூணாவது மவுண்ட்டுல ஒரு ஷிம் ஏத்தினேன், சரியாச்சு. அந்த டேப்பு இன்னும் கராஜ் சுவத்துல ஒட்டியிருக்கு.